கோச்சி ஏறிய மலை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கொழும்பிலிருந்து முதல் கோச்சி (ரயில்) 1864இல் ஓடியதாம். பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டதே, ஏன்? (தலவாக்கலை வாசகர்)

பதில்: ஒரே மூச்சில் போட்ட பாதை இல்லை இது. 1864 டிசம்பர் 27இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்தில் இறக்கத்தான் வெள்ளைக்காரர் இதைத் தொடங்கினார்கள். 1869இல் கோப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது. நானுஓயாவைத் தொட்டபோது கோப்பி சரிந்து தேயிலை ஏறிவிட்டது; அதே தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய நம் சனங்களின் கைகளையும் ரயில் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

கடைசித் துண்டு தூரத்தில் சின்னது, இறக்கத்தில் பெரியது: பண்டாரவளைக்கும் பதுளைக்கும் ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயர வித்தியாசம். நேராக இறக்கினால் பிரேக் தாங்காது. ஆகவே பாதையை நீட்டினார்கள். தெமோதரையில் நிலையத்தை விட்டுப் புறப்படும் பதுளை வண்டி, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது.

கேள்வி: நாவலப்பிட்டிக்கு மேலே வண்டி ஏன் ஊர்கிறது? வளைவில் அந்தக் கிரீச் சத்தம் எதனால்? (கொட்டகலை வாசகர்)

பதில்: அங்கே 44 அடி ஓடினால் 1 அடி ஏற்றம். சில வளைவுகளின் ஆரம் 5 செயின், அதாவது சுமார் 100 மீற்றர்தான். ரயிலின் இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தியவை. ஒன்று கூடவும் ஒன்று குறையவும் சுழல முடியாது. தண்டவாள அகலமோ 1,676 மில்லிமீற்றர். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிப்பக்கத் தண்டவாளம் உட்பக்கத்தைவிடப் பத்து மீற்றருக்கு மேல் நீளம். சில்லின் சரிவான விளிம்பு கொஞ்சம் ஈடுகட்டும், மீதிக்குச் சில்லு வழுக்கித் தேய்ந்தே ஆகவேண்டும். காதில் விழுவது அந்தத் தேய்வுதான்.

தூறல் நாளில், உதிர்ந்த இலை தண்டவாளத்தில் நசுங்கிக் கிடந்தால், எஞ்சின் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். அதற்குத்தான் எஞ்சினில் மணல் பெட்டி: குழாய் வழியாகச் சில்லுக்கு முன்னால் மணல் விழும். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், தேவைப்படும் நேரத்தில் ஒரு மணியும் விழாது.

கேள்வி: நிலைய அதிபர் சாரதியிடம் கொடுக்கும் வளையம் என்ன? (அப்புத்தளை வாசகர்)

பதில்: வளையம் வெறும் பிடிதான். அதில் தொங்கும் தோல் பைக்குள் இருக்கும் டெப்லட் என்ற உலோகத் தகடுதான் முக்கியம். ஒற்றைப் பாதையில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் டெப்லட் வைக்கும் ஒவ்வொரு பெட்டி, இடையே மின்கம்பி. அடுத்த நிலையத்தார் சம்மதித்தால் மட்டுமே இங்கே ஒரு டெப்லட் வெளியே வரும். அது மறுமுனைப் பெட்டிக்குள் போகும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொன்றை எடுக்க முடியாது. ஆகவே எதிரெதிரே இரண்டு வண்டிகள் வர வழியில்லை. நிற்காமல் போகும் வண்டியில் கை தவறி வளையம் விழுந்தால், வண்டியை நிறுத்தி அதை எடுத்துக்கொண்டுதான் கிளம்பவேண்டும்.