மகனின் கூலி எங்கே, ஐயா?

கேள்வி: எனக்கு 52 வயது. மட்டக்களப்புக் கல்லடியில் சிறிய லொறி ஒன்று வைத்து, 30 வருடமாக வீட்டுத் தளபாடங்கள் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறேன். முன்பு முதிரை மர அலுமாரியைச் சாக்கும் கயிறும் போட்டு முதுகில் ஏற்றுவோம். இப்போதைய பொடியன்கள் தள்ளுவண்டி, கையுறை கேட்கிறார்கள். சேமலாப நிதி என்று சட்டம் பேசுகிறார்கள். 18 வயதிலிருந்து ஆறு வருடமாக என்னோடு நிற்கும் மகனோ அலுமாரிகளைக் கழற்றிப் பூட்டியே நேரத்தைப் போக்குகிறான். மற்ற இருவருக்கும் பின்னேரமே கூலி கொடுத்துவிடுவேன். அவன் வீட்டுப் பிள்ளைதானே, தனிக் கணக்கில்லை, அந்தக் காசு மூத்த மகளுக்குக் கட்டும் வீட்டுக்குப் போகிறது. இப்போது கட்டாருக்குப் போகப் போகிறேன் என்கிறான். இந்தத் தலைமுறைக்குத் தொழிலில் பற்று வர என்ன வழி?

பதில்: கடிதம் முழுக்கப் பொடியன்களின் குறைகளை எழுதிவிட்டு, மகனின் கூலியை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஆறு வருடம், ஐயா! வேறொரு முதலாளி உங்கள் பிள்ளையை இப்படி ஆறு வருடம் வேலை வாங்கியிருந்தால், அவருடைய வாசலில் போய் நின்று சத்தம் போட்டிருக்க மாட்டீர்களா?

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம் வழக்கம். அக்கா தங்கையின் வீட்டுக்கு ஆண்பிள்ளைகள் உழைத்துக் கொடுப்பதும் வழக்கம். அதைப் பிழை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். 1978 சூறாவளியில் எங்கள் கூரை போனபோது, எனக்கென்று இருந்த அந்த வீட்டுக்கு அண்ணன்தான் ஓடு வாங்கிப் போட்டார். ஆனால் அவர் தன் சம்பளத்தை எண்ணி, அம்மாவின் கையில் தானே கொடுத்தார். அதனால்தான் இன்றைக்கும் அந்த வீட்டில் அவருக்கு முதல் சோறு. உங்கள் மகன் எதைக் கொடுத்தான்? அவனிடம் கேளாமலே நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். தன் வீட்டுச் சுவரில் தம்பியின் கூலி இருக்கிறது என்பதாவது மகளுக்குத் தெரியுமா? நாளைக்கு அவன் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகும்போது, கையில் என்ன இருக்கும்?

நீங்கள் பற்றில்லாமை என்று எழுதியவற்றில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி செய்யும்படி பரிந்துரைத்துவிட்டது, தள்ளுவண்டி வாங்குங்கள். சம்பளத்தில் ஊழியரின் பங்காக 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் சேரும் சேமலாப நிதியைப் பொடியன்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சட்டம் 1958இல் வந்தது, உங்களுக்கு மூத்தது. மகன் அலுமாரியைக் கழற்றுவதும் சோம்பலால் அல்ல. இப்போது கடைகளில் விற்பவற்றில் பல மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. அவற்றை முதிரையைப் போலக் கயிறு போட்டுச் சாய்த்தால் திருகாணி பிடித்த மூலை பெயர்ந்துவிடும், பிறகு அது எந்தத் தச்சனுக்கும் உதவாது. தட்டுத் தட்டாகக் கழற்றி, ஆணிகளைப் பையில் கட்டி, போன இடத்தில் பூட்டிக் கொடுக்கத் தெரிந்தவன்தான் இன்றைக்குத் தொழில்காரன். கூலி இல்லாமலே அவன் அதைப் பழகி வைத்திருக்கிறான்!

கட்டாருக்கு அவன் போகத்தான் வேண்டுமென்றால் போகட்டும். பெற்றவர்களை விட்டுப் பிள்ளைகள் கடல் கடப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கூலி இல்லாத இடத்தில் நில் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு முன் மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆறு வருடக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டுக்குப் போனது எவ்வளவு, அவனுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். அக்காவின் மிச்ச வேலைக்கு எவ்வளவு தருவாய் என்று அதன் பிறகு கேளுங்கள். தொகையை அவன் சொல்லட்டும். இனி அவனுடைய கூலியை வீட்டுக்குக் கொண்டுவந்து தாயிடம் கொடுக்க வேண்டாம். பின்னேரம் லொறியடியில், மற்ற இருவரும் பார்த்திருக்க, அவன் கையிலேயே கொடுங்கள்.