கணவன் மனைவியாக டாங்கோ கற்கலாமா? புவெனஸ் ஐரிஸிலிருந்து பதில்கள்

கணவரின் வேலை காரணமாக அர்ஜென்டினாவுக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வந்த இரண்டாம் மாதமே இருவரும், இந்த ஊரின் ஜோடி நடனமான டாங்கோவின் வகுப்பில் சேர்ந்தோம். இன்றும் வாரம் இரண்டு இரவுகள் ஆடப் போகிறோம். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இரண்டு ஆண்டுப் பணிக்காக மனைவியுடன் புவெனஸ் ஐரிஸ் வருகிறேன். எங்கள் இருவருக்கும் எந்த நடனமும் தெரியாது. காலை வீசி, ஆளைத் தூக்கிச் சுழற்றும் அந்த ஆட்டம் எங்களுக்கு வருமா?

நீங்கள் சொல்வது மேடை டாங்கோ. அது பார்வையாளருக்காக ஒத்திகை பார்த்து ஆடுவது. ஆகஸ்ட் மாதம் இங்கே நடக்கும் உலகப் போட்டியில்கூட மேடைக்கு ஒரு பிரிவு, கூடத்தில் ஆடும் டாங்கோவுக்குத் தனிப் பிரிவு. நீங்கள் கற்க வேண்டியது இரண்டாவதை. முப்பது ஜோடிகள் நெருக்கியடித்து வட்டமாக நகரும் கூடத்தில் காலை வீசினால் பக்கத்தில் ஆடுபவரின் கெண்டைக்காலில்தான் படும்.

தொடக்கம் நடை. எங்கள் ஆசிரியை முதல் மாதம் முழுவதும் இசைகூட இல்லாமல் சுவரோரமாக நடக்க விட்டார். ஒரு காலில் உடல் எடை முழுவதும் இறங்கிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். கேட்க எளிது. இருவரும் எதிரெதிராக அணைத்தபடி, ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் நடக்கும்போதுதான் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று நமக்கே தெரியாமல் இத்தனை காலம் நடந்திருக்கிறோம் என்பது புரியும். எட்டு வடிவில் திரும்பும் ஓச்சோ, சுழலும் கீரோ எல்லாம் இந்த நடையிலிருந்து பிறப்பவைதான். அவசரப்பட்டு அடிகளைச் சேகரிக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது சண்டையோடுதான் வருகிறோம். நான் அவர் சொல்வதைக் கேட்டு ஆடுவதில்லை என்கிறார். அவர் தெளிவாகக் காட்டுவதில்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான் நடந்தது.

வழிநடத்துவதை இங்கே மார்கா என்கிறார்கள். அது கையால் தள்ளுவதோ இழுப்பதோ ஆகாது. நடத்துபவரின் நெஞ்சு எந்தப் பக்கம் போகிறதோ, அந்த நகர்வு அணைப்பின் வழியாக மற்றவருக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் வேறெங்கோ காலை வைத்தீர்கள் என்றால், பெரும்பாலும் அவருடைய உடல் அங்கேதான் உங்களை அழைத்திருக்கும். அல்லது, அழைப்பு வருவதற்கு முன்பே நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். கணவன் மனைவியிடம் இந்த இரண்டாவது கோளாறு அதிகம்.

எனக்கு இது புரிந்த இரவு நினைவிருக்கிறது. வீட்டிலிருந்து வெகுதூரத்தில், வில்லா உர்கீசா பேட்டையில் ஒரு மன்றம். எண்பது வயதிருக்கும் ஒரு பெரியவர் என்னை ஆட அழைத்தார். பாட்டு தொடங்கி நாலைந்து நொடி அவர் அசையவே இல்லை. அவருடைய மூச்சு ஏறி இறங்குவது மட்டும் என் தோளில் தெரிந்தது. பிறகு ஓர் அடி வைத்தார். மீண்டும் நின்றார். நான் பழக்கதோஷத்தில் அடுத்த அடிக்குக் காலைத் தூக்கிவிட்டேன். அவர் என் முதுகில் இருந்த கையை அழுத்தவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நான் காலைத் திரும்பக் கீழே வைக்கும்வரை காத்திருந்தார். அந்தப் பாட்டு முடிவதற்குள் நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்கு மற்றவர் அடுத்து என்ன செய்வார் என்பது அத்துப்படி. குடும்பம் நடத்த அது உதவும். டாங்கோவில் அதுவே இடைஞ்சல். என் கணவர் எங்கே திரும்புவார் என்று ஊகித்து ஊகித்தே நான் அவரைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வகுப்பில் ஜோடியை மாற்றிக்கொள்ளச் சொன்னால் மறுக்காதீர்கள். அறியாதவரோடு ஆடினால் ஊகிக்க வழியில்லை. கவனித்தே ஆக வேண்டும். அந்தக் கவனத்தோடு உங்கள் கணவரிடம் திரும்பி வாருங்கள்.

இன்னொன்று. ஒருவரை ஒருவர் திருத்தவே கூடாது. திருத்துவது ஆசிரியரின் வேலை. எங்கள் வீட்டில், பாட்டு ஓடும்போது பேசுவதில்லை. முடிந்த பிறகு "எனக்கு இந்த இடத்தில் நிலை தடுமாறியது" என்று தன்னைப் பற்றி மட்டும் சொல்லலாம். இந்த விதி வந்த பிறகு சண்டை நின்றுவிட்டது.

கேள்வி: மிலோங்காவில் முன்பின் தெரியாதவர்கள் அணைத்து ஆடுவார்களாமே? என் கணவருக்கு அதில் கூச்சம். எனக்கும்தான்.

கூச்சம் இயல்பு. ஆனால் மிலோங்கா எனப்படும் இந்த ஆட்டக் கூடங்களில் பழைய முறைமைகள் உங்களைக் காக்கும். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், இவர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடுகிறவர்கள் என்று பொருள். மரபான கூடங்களில் வேறு யாரும் அழைக்க மாட்டார்கள். பிறரோடு ஆட விருப்பம் என்றால் தனித்தனியாக உட்கார வேண்டும்.

அழைப்பதும் கண்ணாலேயே. கூடத்தின் அந்தப் பக்கமிருந்து ஒருவர் பார்ப்பார், அது மிராதா. நீங்களும் பார்வையை விலக்காமல் இருந்தால் தலையை லேசாக அசைப்பார், அது கபெசேயோ. விருப்பமில்லையா, வேறு பக்கம் பாருங்கள். யாருக்கும் அவமானம் இல்லை. நாலு டாங்கோப் பாட்டுகள் கொண்ட தொகுப்பு ஒரு தாந்தா. மும்மூன்று தட்டாகச் செல்லும் வால்ஸ் பாட்டுகள் என்றால் பெரும்பாலும் மூன்று. பிறகு கோர்தீனா என்று சம்பந்தமில்லாத ஓர் இசைத்துணுக்கு ஒலிக்கும், எல்லோரும் இருக்கைக்குத் திரும்புவார்கள். நடுவில் "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னால் "போதும்" என்று பொருள். பாட்டு நன்றாக இருந்தது என்பதற்காக வாய்தவறி அதைச் சொல்லிவிடாதீர்கள்.

இரவின் கடைசிப் பாட்டு வழக்கமாக, உருகுவே நாட்டவரான மாத்தோஸ் ரோட்ரிகஸின் 'லா கும்பர்சீத்தா'. யாரோடு எத்தனை ஆடியிருந்தாலும் அந்தப் பாட்டுக்கு நானும் என் கணவரும் கூடத்தைக் கடந்து ஒருவரிடம் ஒருவர் வந்துவிடுவோம்.

கேள்வி: பத்து ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்றவள் நான். அது கைகொடுக்குமா?

தாள உணர்வு நிச்சயம் கைகொடுக்கும். பாதத்தைத் தட்டி ஒலிக்கும் பழக்கமும், அவையைப் பார்த்து ஆடும் பழக்கமும் மாற வேண்டும். டாங்கோவில் பாதம் தரையைத் தடவிச் செல்கிறது. பார்ப்பவர் யாரும் கணக்கில் இல்லை. அணைப்புக்குள் இருக்கும் ஒருவருக்காகவே ஆடுகிறீர்கள். அடுத்த அடவு இதுதான் என்ற தயார்நிலையையும் விட வேண்டியிருக்கும். அதுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எந்த இசையைக் கேட்டுப் பயில்வது?

1935 முதல் 1955 வரையிலான பொற்காலத்து இசைக்குழுக்களை. நடை பழக கார்லோஸ் தி சார்லி. பியானோவும் வயலின்களும் காலுக்கு இடம் விட்டு வாசிப்பதுபோல் இருக்கும். தாளம் உடம்பில் ஏற ஹுவான் தாரியென்சோ. திராய்லோவும் புக்லியேசேயும் ஒரு வருடம் போன பிறகு. பியாசோலா இளவயதில் திராய்லோவின் குழுவில் பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம் வாசித்தவர். அவருடைய பிற்கால இசை எனக்கு உயிர், ஆனால் மிலோங்காவில் அதை அரிதாகத்தான் கேட்பீர்கள். சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் பழைய குழுக்களைக் கேளுங்கள். பாட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று தெரிந்தால் எங்கே நிற்பது என்று தானே தெரியும்.

கேள்வி: ஸ்பானிய மொழி தெரியாமல் வகுப்பில் சமாளிக்க முடியுமா?

முடியும். பேசோ என்றால் எடை, ஏஹே என்றால் அச்சு, எஸ்பெரா என்றால் பொறு. முதல் வருடம் காதில் விழுவதில் பாதி இவைதான்.

கேள்வி: காலணி?

தோல் அடிப்பாகம் உள்ளதை வாங்குங்கள். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது முழங்காலுக்குக் கேடு. குதிகால் உயரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 61, அவருக்கு 66. மகளைப் பார்க்க புவெனஸ் ஐரிஸ் வருகிறோம், மூன்று மாதம் தங்குவோம். இந்த வயதில் தொடங்கலாமா அம்மா?

தாராளமாக. வில்லா உர்கீசாவின் சண்டர்லாந்து மன்றத்தில் கூடைப்பந்து மைதானத்தைச் சுற்றி மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் முதல் நாளே அங்கே போக வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும், ஆட்டமும் தேர்ந்தவர்களுடையது. பல மிலோங்காக்களில் தொடங்குவதற்கு முன் வகுப்பு உண்டு. அதற்குப் போங்கள், பிறகு உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்வார்கள். இடையில் நுழையும்போது, வந்துகொண்டிருக்கும் ஜோடியில் நடத்துபவரின் கண்ணைப் பார்த்து, அவர் இசைந்த பிறகே இறங்க வேண்டும். முன்னால் போகிறவரை முந்தக் கூடாது.

பெல்கிரானோ பூங்காவில் லா குளோரியேட்டா என்ற திறந்த மண்டபம் இருக்கிறது. மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பை மாற்றிக்கொண்டு ஏறி ஆடுகிறார்கள். வெளியே மரத்தடியில் நின்று இருவரும் மெல்ல நடந்து பார்க்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மார்ச் கடைசியில் வாருங்கள், வெயில் தணிந்திருக்கும்.