ஊர் சம்மதிக்கட்டும், அப்புறம் விருந்தாளி வரட்டும்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அருகில் ஓர் இருளர் ஊர் இருக்கிறது. என்னிடம் தங்குபவர்களை அங்கே அழைத்துப்போய் ஆட்டம், ராகிக் களிச் சாப்பாடு, தேனெடுக்கும் பாறை எல்லாம் காட்டலாம் என்று திட்டம். ஆளுக்கு 1,200 ரூபாய் வாங்கி, ஊருக்கு 300 தருவதாகச் சொன்னேன். இளைஞர்கள் சரி என்கிறார்கள். மூப்பனும் பெரியவர்களும் பதிலே சொல்லவில்லை. மே சீசனுக்கு இரண்டு குடும்பங்கள் முன்பணம் கட்டிவிட்டார்கள். தொடங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

பதில்: இந்த சீசனில் வேண்டாம். அந்த இரண்டு குடும்பங்களும் அறையில் தங்கிவிட்டுப் போகட்டும். ஊருக்குக் கூட்டிப்போவதற்கென்று வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

உங்கள் எண்ணம் நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்ன காட்டுவது, எந்த நாளில், எவ்வளவு கட்டணம் என்று எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துவிட்டு, பணம் வாங்கிக்கொள்ளும் வேலையை மட்டும் ஊருக்கு விட்டிருக்கிறீர்கள். 300 ரூபாயை 600 ஆக்கினாலும் இது மாறாது.

நியூசிலாந்தின் கைகோரா ஊரைப் பாருங்கள். 1980-களில் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது அங்கிருந்த பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் பலத்த அடி. 1987-ல் அவர்களில் சில குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, ஒரு சிறு படகில் திமிங்கிலம் காட்டக் கிளம்பின. இன்று அந்த ஊரே அந்தத் தொழிலால்தான் வெளியுலகுக்குத் தெரிகிறது. நிறுவனம் இன்னும் அந்தச் சமூகத்தின் கையில்தான் இருக்கிறது. திமிங்கிலம் கண்ணில் படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறார்கள். இப்படி ஒரு விதியை வகுக்க முதலாளியாக இருக்க வேண்டும். கூலிக்குப் படகு ஓட்டுகிறவரால் முடியாது.

அவ்வளவு தூரம் போகாமலும் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. அவர்கள் உங்கள் மலை இருளர்களிலிருந்து வேறுபட்ட சமவெளி மக்கள், ஆனாலும் அங்கே கற்க நிறைய இருக்கிறது. வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் திறந்து நாகத்தையோ கண்ணாடி விரியனையோ எடுத்து, கண்ணாடிக் குப்பியின் மேல் கட்டிய சவ்வைக் கடிக்க வைப்பார்கள். விஷம் உள்ளே இறங்கும். பார்வையாளர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சங்கத்தின் முதன்மை வேலை விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவது. பார்க்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது நடக்கும். சில வாரங்களில் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுவார்கள். பார்வையாளருக்காக ஒரு வாழ்க்கையை நடித்துக் காட்ட வேண்டிய தேவை அங்கே இல்லை. உங்கள் பக்கத்து ஊரிலும் அப்படி அமைய வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று, மறுக்கும் உரிமை. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையை 1985-ல் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் ஒப்படைத்த அரசு, அதே கையோடு 99 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. பாறை மேல் ஏறுவது தொடர வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. தங்களுக்குப் புனிதமான இடம், ஏறாதீர்கள் என்று அந்த மக்கள் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏறுவது முழுமையாக நின்றது 2019 அக்டோபர் 26-ல்தான். பூங்காவின் நிர்வாகக் குழுவில் அனங்கு மக்களே பெரும்பான்மை, அப்படியிருந்தும் 34 ஆண்டுகள். பத்திரத்தில் பெயர் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், உங்கள் பக்கத்து ஊர் மூப்பன் 'வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு தயங்குவார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஊர்க்கூட்டம் போடச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருக்காதீர்கள். இளைஞர்கள் மட்டும் கூடிப் பேசி முடித்துவிட்டால் போதாது. பெண்களும் இருக்க வேண்டும், ஏனென்றால் களி கிண்டப்போவது அவர்கள்தான். விறகு, தண்ணீர், பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். மகளிர் குழு இருந்தால் சாப்பாட்டுப் பணம் நேராக அந்தக் கணக்குக்குப் போகட்டும். விலையை அவர்கள் சொல்லட்டும். ஒரு முறைக்கு எத்தனை பேர், எந்த நாட்களில் யாரும் வரக்கூடாது, துக்க வீடு என்றால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். கூட்டம் கூடி 'ஆட்டம் வேண்டாம், சாப்பாடு மட்டும் போடுகிறோம்' என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் தேவை. இரண்டு மூன்று ஆண்டுகளில் முன்பதிவையும் கணக்கையும் ஊர்க்குழுவே எடுத்துக்கொள்ளும், அறை வாடகை மட்டும் உங்களுக்கு என்று அதிலேயே எழுதிவிடுங்கள். இது உங்களுக்கு இழப்பாகத் தெரியலாம். ஆனால் தங்கள் சொந்தத் தொழில் என்று நினைக்கிறவர்கள் விருந்தாளியைக் கவனிக்கிற விதமே வேறு. அந்த விருந்தாளி அடுத்த முறையும் உங்கள் அறைக்குத்தான் வருவார். கோத்தகிரியிலேயே ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. பழங்குடி மக்களே அதன் பங்குதாரர்கள். தேனும் தானியங்களும் விற்கிறார்கள். ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். கூட்டுத் தொழிலில் கணக்கு எப்படி எழுதுகிறார்கள், சண்டை வந்தால் எப்படித் தீர்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

தேன்பாறையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தேனெடுப்பதற்கு விரதமும் வேண்டுதலும் உண்டு, உயிர் போகிற ஆபத்தும் உண்டு. வெளியாள் போய் நிற்கிற இடமில்லை. அது காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஆட்களைக் கூட்டிப்போகவும் முடியாது. 2018 குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அந்த ஊருக்குச் சமூக உரிமைப் பட்டா, அதாவது காட்டின் மீது ஊருக்கே பொதுவாக உள்ள உரிமைக்கான சான்று, கிடைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால், விண்ணப்பம் போட நீங்கள் உதவலாம். ஊருக்கு அது சுற்றுலாவைவிடப் பெரிய உதவி.

குழந்தைகளைப் படம் எடுப்பது, மிட்டாய் கொடுத்து ஆடச் சொல்வது இரண்டும் கூடாது என்று உங்கள் விருந்தினர்களிடம் வண்டி ஏறும்போதே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் என்ன முடிவானது என்று எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தின் நகலை அனுப்பினால் நானும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.