யாருக்காக இத்தனை பாடு?

மதிப்புக்குரிய அம்மா,

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கணவர் அதைப் பார்த்துக்கொள்கிறார், நானும் இலை பறிப்பேன். மகள் கோவையில் இன்ஜினியரிங் முதல் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். மகனுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

போன சனி, ஞாயிறு நடந்ததை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். இந்த மார்கழியில் இங்கே உறைபனி கடுமை. விடியற்காலையில் புல்தரை முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. மேட்டுச் செடிகள் தப்பித்தன, பள்ளத்தில் இருந்தவை கருகிவிட்டன. இளஞ்செடிகளை மிலார், அதாவது மெல்லிய கிளைகள் போட்டு மூடவே பொழுது சரியாக இருக்கிறது. அந்த வேலைக்கு நடுவில்தான், மகள் வருகிறாள் என்று மட்டனுக்குச் சொல்லிவைத்தேன், ராத்திரி உட்கார்ந்து அவரைக்காய் உரித்தேன், விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் விறகடுப்பில் வெந்நீர் போட்டேன். குழாயைத் திறந்தாலே கை மரத்துப்போகிற குளிர்.

வந்தவள் சாப்பிட்டாள், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். மகன் புத்தகத்துக்குள் போனை வைத்துப் பார்க்கிறான். இவர் டி.வி.யில் கிரிக்கெட். "கொஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து உட்காரலாமே" என்றால் யார் காதிலும் விழவில்லை. யாருக்காக நான் இத்தனை பாடு படுகிறேன்?

ராத்திரி குளிர் தாங்கவில்லை. கதவையெல்லாம் சாத்திவிட்டு அறைக்குள் கரி அடுப்பை வைத்தோம். அப்போதுதான் எல்லாரும் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். நானும் மனசில் இருந்ததைச் சொன்னேன். பசுந்தேயிலை விற்ற காசு பறிகூலிக்கே சரியாகிறது, அடுத்த செமஸ்டர் ஃபீஸ், மெஸ் பில், இவளுக்காக வளையலை அடகு வைத்தது, எல்லாம் சொன்னேன். தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அங்கேயே படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் எழுந்தாள். எழுந்ததுமே தலைவலி, குமட்டல் என்றாள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் அதையே சொன்னான். தோட்டத்துக்குக் கூப்பிடுவேன் என்று சாக்கு. அவள் வயதில் நான் கூடையோடு தோட்டத்தில் நின்றவள்.

ஆக்கிய கறி அப்படியே மீந்தது. கணவரிடம் சொன்னால், "விடு, பிள்ளைங்கதானே" என்கிறார். எனக்காகப் பேச அந்த வீட்டில் ஒருவர் இல்லை. மதியம் பஸ் ஏற்றிவிடவும் நான்தான் போனேன். படியில் கால் வைத்தவள் திரும்பி, "அம்மா, பொங்கலுக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். பொங்கலுக்கு யாராவது கேட்டுக்கொண்டா வருவார்கள்? எரிச்சலில் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். அது கிடக்கட்டும். இந்தப் போனை எப்படிக் குறைப்பது? நான் படுகிற கஷ்டத்தை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

- ஒரு தாய், நீலகிரி

*

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. இன்று ராத்திரியிலிருந்தே மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலைப் பிரதேசங்களில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் விடிந்தபோது எழாமல் போயிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே காலையில் தலைவலி, குமட்டல் என்றால் அதைச் சாக்கு என்று நான் நினைக்க மாட்டேன். மறுபடி அப்படி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துப் போங்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். குளிர்காய வேண்டுமானால் அடுப்பு வாசலில் இருக்கட்டும்.

இனி உங்கள் கடிதம். போன், கிரிக்கெட், மீந்த கறி எதைப் பற்றியும் நான் அதிகம் எழுதப்போவதில்லை. "அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கினீர்களே, என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. பொங்கலுக்குச் சொந்த வீட்டுக்கு வர ஒரு பெண் ஏன் அனுமதி கேட்கிறாள்? நீங்களும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டீர்கள். பதிலைத் தேடாமல் போனுக்குத் தாவிவிட்டீர்கள்.

பதில் முந்தின நாள் ராத்திரியில் இருக்கிறது. சேர்ந்து உட்காரவில்லை என்று எழுதுகிறீர்கள். உட்கார்ந்தார்கள், சகோதரி. டி.வி.யை விட்டுவிட்டு, போனை விட்டுவிட்டு உங்களைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். நீங்கள் நாளெல்லாம் ஏங்கிய நேரம் வந்தபோது, மகள் காதில் விழுந்தது தன்னால் வீட்டுக்கு எத்தனை செலவு என்பதுதான். பேசாமல் படுத்தவள் தூங்கியிருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? நான் வந்தால் பஸ் காசு, கறிச் செலவு, அம்மாவுக்கு இன்னும் வேலை. வராவிட்டால் அத்தனையும் மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பாள். அதைத்தான் மறுநாள் பஸ் படியில் நின்று உங்களிடம் கேட்டாள். உங்கள் கஷ்டம் புரியாத பெண் அப்படிக் கேட்க மாட்டாள். புரியவைக்க வழி கேட்கிறீர்கள். அளவுக்கு மேலேயே புரிந்துவிட்டது.

இந்த விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். பணக்கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கச் சொல்லவில்லை. காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு வீட்டு நிலைமை தெரியத்தான் வேண்டும். ஆனால் "பனியில் பள்ளத்துச் செடி போய்விட்டது, இந்த வருஷம் கையைக் கடிக்கும், என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அவளும் அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள். "உனக்காக வளையலை வைத்தேன்" என்றால் அவள் கடன்காரி. கடன்காரியால் கடன் கொடுத்தவர் வீட்டில் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்க முடியாது. அவளிடம் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி, கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவள் என்றால் கட்டணச் சலுகை உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு அடமானம் தேவையில்லை. அதையெல்லாம் அவளே காலேஜிலும் பேங்கிலும் விசாரித்துச் சொல்லட்டும்.

நீங்கள் பாசத்தை வேலையாகச் செய்து காட்டுகிறவர். மரத்துப்போன கையோடு வெந்நீர் போட்டதை யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறீர்கள். அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் பிள்ளைகள் அதைத் தீர்க்க முடியாது, உங்கள் கணவரிடம்தான் கேட்க வேண்டும். செடி கருகிய பயம் அவருக்கு இல்லையா? அவர் டி.வி.க்கு முன்னால் அதை மறக்கப் பார்க்கிறார், நீங்கள் அடுப்படியில் மறக்கப் பார்க்கிறீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கைத்தான் அன்றைக்கு மகள் தலையில் இறக்கினீர்கள்.

காலையில் எழாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே தள்ளிப்போகும். ஹாஸ்டலில் வாரமெல்லாம் அரைத் தூக்கம் தூங்கியவள் அம்மா வீட்டில்தான் அதைத் தீர்த்துக்கொள்வாள்.

அவளே கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் இன்று சாயங்காலமே நீங்கள் போன் போடுங்கள். "உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. பொங்கலுக்கு நீ வர வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். ஃபீஸ், வளையல், இலை விலை எதுவும் அந்தப் பேச்சில் வேண்டாம். உடனே சரி என்று சொல்லாமல் "பார்க்கிறேன் அம்மா" என்பாள். கோபப்படாதீர்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிடுங்கள்.