பயிற்சியாளர் ஏன் பதில் போடவில்லை?

கேள்வி: அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நீச்சல் வீராங்கனை. ஆறு கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒருவர்கூடப் பதில் போடவில்லையே?

பதில்: கவலைப்படாதீர்கள், அவர்கள் கை கட்டப்பட்டிருக்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாக, அதாவது பிரிவுகளாக, வைத்திருக்கிறது. அதன் விதிப்படி, உயர்மட்டமான முதல் டிவிஷன் நீச்சல் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன் ஆள்சேர்ப்பு பற்றி எழுதக் கூடாது. மூன்றாம் டிவிஷனுக்கு இந்தத் தடை இல்லை. அவள் எழுதுவதற்கோ எங்கும் தடையில்லை.

என் மகனின் முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்கே தூக்கம் வந்தது. ஒன்றரைப் பக்கம், நீந்திய நேரம் கடைசி வரியில்! அப்புறம் மின்னஞ்சல் தலைப்பிலேயே '100 கெஜம் பட்டர்ஃபிளை, 52.8 விநாடி' என்று போட்டு, பள்ளி முடிக்கும் ஆண்டையும் சேர்த்தோம். சரி, மகளே எழுதட்டும். பெற்றோர் எழுதினால் நடையிலேயே தெரிந்துவிடும்.