பூத்தும் காய்க்காத கசிஸ்

கேள்வி: பிரான்சில் டிஜோன் பக்கம் இருக்கிறோம். தோட்டத்தில் 'நுவார் தெ பூர்கோஞ்' இனக் கசிஸ் (பிளாக்கரண்ட்) பற்றைகள் நாலு நிற்கின்றன. ஏப்ரலில் நிறையப் பூக்கும்; பிறகு உதிர்ந்துவிடும். குலைக்கு ரெண்டு பழம் மிஞ்சினால் பெரிது. உரம் போதவில்லையா? மது போடவும் ஆசை.

பதில்: உரத்தைக் கூட்ட வேண்டாம், சகோதரி. கூட்டினால் இலைதான் செழிக்கும்.

உங்களிடம் இருப்பது கசிஸ் மதுவுக்கென்றே உங்கள் பூர்கோஞ் பகுதிக்காரர் போற்றும் இனம். பழம் சிறிது, மணமும் நிறமும் அபாரம். ஆனால் தன் மகரந்தத்தில் அது சரியாகக் காய்க்காது. நாலும் ஒரே இனமென்பதால் ஒன்றுக்கொன்று உதவ முடியவில்லை. அதனால்தான் அங்குள்ள விவசாயிகள் இடையிடையே 'ரொயால் தெ நாப்ல்' இனத்தை நடுகிறார்கள். இலையுதிர்ந்த காலத்தில் நாற்றுப் பண்ணையில் அதில் ஒரு கன்று வாங்கி, பழைய மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும்படி நடுங்கள். மகரந்தத்தைச் சுமப்பவை தேனீயும் பெருவண்டுத் தேனீயும். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

மாசியில் மொட்டுகளையும் பாருங்கள். நலமான மொட்டு ஒல்லியாகக் கூர்ந்திருக்கும். உருண்டு வீங்கியிருந்தால் உள்ளே மொட்டுச் சிலந்தி என்ற நுண்ணிய உண்ணி. அது பரப்பும் வைரசும் காய்ப்பை அழிக்கும். பற்றை முழுக்க அப்படியென்றால் பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தப் பற்றையிலிருந்து பதியன் குச்சி எடுக்காதீர்கள், அயலவர் தந்தாலும் இதைப் பார்த்தே வாங்குங்கள். ஏப்ரல் உறைபனியும் பூவை உதிர்க்கும். அந்த இரவுகளில் துணி போர்த்தினால் போதும்.

கவாத்தில் தயங்க வேண்டாம். போன வருடம் வளர்ந்த கிளையில்தான் நன்றாகக் காய்க்கும். அறுவடை முடிந்ததும் கறுத்துத் தடித்த பழைய தண்டுகளில் மூன்றிலொரு பங்கை அடியோடு வெட்டுங்கள்.

இனி மது. இது வடிக்கும் சாராயமல்ல, ஊறவைப்பது; 'கிரேம் தெ கசிஸ்' என்பார்கள். 1841 முதல் டிஜோனில் விற்பனைக்கு வருகிறது. நன்கு கறுத்த பழம் ஒரு கிலோவைக் காம்பு நீக்கி லேசாக நசுக்கி, கோடையில் கடைகளில் கிடைக்கும் பழம் ஊறவைப்பதற்கான 40 பாகை (40 சதவீத) அல்ககோல் ஒரு லீற்றரில் போட்டு, மூடி இருட்டில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் துணியில் பிழிந்து 700 முதல் 800 கிராம் சீனி கரையுங்கள். அவ்வளவு சீனியா என்று குறைக்காதீர்கள்: 'கிரேம் தெ கசிஸ்' என்ற பெயருக்கே ஐரோப்பியச் சட்டப்படி லீற்றருக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும். அந்தக் கெட்டிதான் அதன் குணம். வீட்டுக்கென்றால் தடையில்லை, விற்பதென்றால் சுங்கத் துறை அனுமதி முதலில்.