மண்டைதீவில் புது மைதானம் வந்தால் துரையப்பா விளையாட்டரங்கு தேவையா?

தேவை. யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் 2025 செப்டம்பரில் அடிக்கல் நட்டது சர்வதேசத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) மைதானத்துக்கு. யாழ்ப்பாண நகர நடுவில் இருக்கும் துரையப்பா அரங்கில் உதைபந்தாட்டமும் தடகளமும் நடக்கும். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வந்து ஓடிப் பழகுகிற பிள்ளை கடல் நடுவே போகும் வீதியைத் தாண்டி மண்டைதீவுக்கா போகும்?

போரால் சிதைந்து நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அரங்கை இந்திய உதவியோடு திருத்தி 2016 ஜூனில் திறந்தார்கள். திறப்பு விழா பெரிதாக நடந்தது. அப்புறம் பராமரிப்பு? அதற்கு நாடாவும் இல்லை, வெட்ட ஆளும் இல்லை.

அந்த அரங்கை இடிப்பதா திருத்துவதா என்றால், முதலில் தூண்களைப் பார்க்க வேண்டும். கடனீரேரிப் பக்கத்துக் கட்டடங்களுக்கு உப்புக்காற்றுதான் எமன். உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியில் துரு ஏற்றும். துரு பருத்து வெளிப்பூச்சை வெடிக்க வைக்கும். வெடிப்போரம் செம்மஞ்சள் கறை வழிந்திருந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே பெயின்ற் அடித்து மறைப்பது சுத்த வீண். ஆரம்பத்திலேயே பிடித்தால் அந்த இடத்தை மட்டும் உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து மீளப் பூசலாம். தூண்கள் முழுக்க இற்றுப்போயிருந்தால்தான் இடிக்கிற பேச்சு.

என்னைக் கேட்டால் புதுக் கதிரைகளுக்கு முன் வடிகாலுக்குக் காசு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் தண்ணீர் தேங்கினால் புல்லும் போகும், ஓடுபாதையும் போகும்.